கடிகாரம் ஏழாவது மலையோடு நிற்கட்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து மலையோட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

தை பிறந்துவிட்டால் நம் குழுக்களில் வேறு பேச்சே இருப்பதில்லை. பிப்ரவரியில், ஏழு மலைகளைக் கடந்து சிவனைக் காணப் போகும் வெள்ளியங்கிரிப் பாதை திறக்கிறது. யார் எந்த வாரம் போவது, போன ஆண்டு மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்கியவர் இந்த ஆண்டு இரண்டரைக்குள் வந்துவிடுவாரா, எந்த ஷூ வழுக்குப்பாறையில் நன்றாகப் பிடிக்கும் என்று இரவு பதினொரு மணி வரை செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்தப் பேச்சில் பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்றவன் நான். இரண்டு பருவங்களாக ஏன் அமைதியாகிவிட்டேன் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்கான பதிலும், கூடவே ஒரு கோரிக்கையும் இந்த மடலில் இருக்கின்றன.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போங்கள். ஓடியே ஏறுங்கள். ஆனால் கடிகாரத்தை ஏழாவது மலையில் நிறுத்திவிடுங்கள். இறங்கும்போது நடந்து வாருங்கள்.

நான் தொண்டாமுத்தூர்க்காரன். பதினொரு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் முறை ஏறினேன். அவர் செருப்பை அடிவாரத்துப் பூண்டி கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். எனக்கு ஒரு மூங்கில் தடி வாங்கிக் கொடுத்தார். அது என்னைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது. முதல் மலையின் கற்படிகளில் பாதி ஏறுவதற்குள் நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் உட்காரச் சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. வெள்ளை விநாயகர் கோயில் வந்ததும் சுக்குக் காபி வாங்கித் தருவதாகச் சொல்லி, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். இன்றும் அந்தப் படிகளில் மூச்சு வாங்கும்போது நாக்கில் சுக்கின் காரம் ஏறுகிறது.

ஓட்டக்காரனான பிறகு இந்த மலையை வேறு விதமாக அறிந்தேன். ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றம். அதில் மிகக் கடினமானது முதல் மலை. படிகளின் உயரம் ஒன்றுபோல இருக்காது. ஒரு படி கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. கீழ்மலைகளில் காடு மூடிக்கிடக்கும், காற்றே வராது. மேலே போகப் போக மரங்கள் விலகிப் புல்மேடுகள் திறக்கும். முதுகில் வழிந்த வியர்வை திடீரென்று பனிக்கட்டியாக உறைவதுபோல ஒரு காற்று அடிக்கும். பீமன் களியுருண்டை என்ற பாறையைத் தாண்டி, ஆண்டி சுனையின் நடுக்கும் நீரில் முழுகி எழுந்து, கடைசி மலையில் கைகளைத் தொடைமேல் ஊன்றி ஏறும்போது உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. அந்த நிலையில் குகைக்குள் குனிந்து சுயம்பு லிங்கத்தைப் பார்க்கிறபோது எனக்கு வார்த்தை வந்ததில்லை. ஓட்டம் பக்திக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் சண்டை போடுவேன். உடம்பைக் கசக்கிப் பிழிந்து கொண்டுபோய் அங்கே வைப்பதும் ஒரு காணிக்கைதான் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

என் மனக்குறை முழுவதும் இறக்கத்தைப் பற்றியது.

இரண்டு பருவங்களுக்கு முன்பு, சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை. ஏறும்போது நல்ல நேரம் கிடைத்திருந்தது. இறக்கத்தை ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடித்தால் என் பழைய நேரத்தை முந்திவிடலாம். மேல்மலைகளில் கூட்டம் விட்டுவிட்டு வந்தது. கீழே வர வர அடர்ந்தது. மூன்றாவது மலையிலிருந்து இறங்கும் ஒரு வளைவில், எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா கணவரின் தோளில் ஒரு கையும் தடியில் ஒரு கையுமாக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். "வழி, வழி" என்று கத்தினேன். நாம் எல்லோரும் கத்துவதுதான். அவர் யாரென்று திரும்பிப் பார்த்தார். திரும்பியபோது தடி கல்லிலிருந்து நழுவியது. நான் அவரைத் தொடவே இல்லை. ஒரு கை தூரத்தில் விலகி ஓடினேன். பின்னால் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நின்றேன்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கை கொஞ்ச நேரத்திலேயே வீங்கிவிட்டது. அவருடைய முந்தானையையும் என் பனியனையும் கிழித்துத் தடியின் ஒரு துண்டை வைத்துக் கட்டினோம். டோலி தூக்குபவர்கள் வந்து சேரும் வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் விசிறினார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா சொன்னது இதுதான்: "நீ இடிக்கவில்லையே கண்ணு, நான்தான் திரும்பிப் பார்த்துவிட்டேன்."

அவரோடு மருத்துவமனைக்குப் போனேன். தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பேரனுக்கு வேண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. நாம் ஓட்ட நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் செயலிக்குக் கடிகாரம் தானாகவே என் நேரத்தை அனுப்பியிருந்தது. ஏழாவது மலையிலிருந்து மூன்றாவது மலை வரையிலான இறக்கத்தில் அன்றைக்கு என் நேரம்தான் முதலிடம். உங்களில் பதினான்கு பேர் வாழ்த்து அனுப்பியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த எண்ணை நான் அன்றே அழித்தேன். அதன் பிறகு இந்த மலையில் ஓடி இறங்கியதில்லை.

தனிப்பட்ட ஒரு குற்ற உணர்வை எல்லோர் தலையிலும் சுமத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வளைவை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர். காட்டுப்பாதையின் ஒரு வளைவில் கண்ணுக்குத் தெரிவது ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொடி. அதற்குள் நாம் பார்த்து, முடிவு செய்து, சரளைக்கல்லில் காலை ஊன்றி நிற்க வேண்டும். பயிற்சி உள்ள நமக்கே அது கடினம். நம் குரலைக் கேட்டு ஒதுங்க வேண்டியவருக்கோ அந்த நேரம்கூடக் கிடையாது.

அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில்தான் ஏறுகிறார்கள். நாம் சந்திக்கும் நேரத்தில் அவர் ஒரு முழு இரவு தூங்காதவர். விரதம் இருந்தவராக இருக்கலாம். ஐந்தாறு மணி நேரம் ஏறி, தரிசனம் முடித்து, இறங்கிக்கொண்டிருக்கிறார். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. தசை இழைகளை அதிகம் காயப்படுத்துவது இந்த வேலைதான். நாம் மாதக்கணக்கில் பழகி அதற்கு ஈடுகொடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை மலை ஏறுகிறவருக்கு மூன்றாவது மலைக்கு வருவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கிவிடும், முழங்கால் தானாக மடங்கும். அவர் நிற்பது கால்பலத்தில் அல்ல, தடியின் பலத்திலும் கவனத்தின் பலத்திலும். நம்முடைய "வழி, வழி" அந்தக் கவனத்தைத்தான் பறிக்கிறது. இதனால்தான் "நான் யாரையும் இடித்ததில்லை" என்ற நம் பெருமையை இனி என்னால் ஏற்க முடியவில்லை. நாம் கடந்து போன பிறகு பின்னால் என்ன நடந்தது என்று எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

இந்த மலை எளிதில் மன்னிக்கிற மலையும் அல்ல. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் பலர் இங்கே உயிரிழந்தார்கள். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் எச்சரிக்கிறார்கள். இருந்தும் வேண்டுதல் என்று வந்துவிட்டால் எத்தனை பேர் கேட்கிறார்கள்? மேலே ஒருவருக்கு முடியாமல் போனால் அங்கே ஆம்புலன்ஸ் வராது. நான்கு பேர் தோளில் டோலி கட்டித் தூக்கி வர வேண்டும். அந்த நான்கு பேருக்குப் படியின் அகலம் முழுவதும் தேவை. எதிரில் ஒருவர் ஓடி வந்தால் அவர்கள் நிற்க வேண்டும். பாரத்தோடு சரிவில் நின்று மறுபடி கிளம்புவது எவ்வளவு கொடுமை என்பது தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஒரு முனையை நானும் கொஞ்ச தூரம் தூக்கினேன்.

"நேரம் பார்க்காவிட்டால் அது என்ன ஓட்டம்?" என்று நம் குழுவில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நேரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. மலையோட்டத்தில் ஏற்றத்தை மட்டும் அளக்கும் ஒரு போட்டி வகையே இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு மிகாத தூரத்தில் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். உச்சியைத் தொட்டதும் போட்டி முடிந்துவிடும். 'செங்குத்துக் கிலோமீட்டர்' என்று அதற்குப் பெயர். நம் வெள்ளியங்கிரி ஏற்றம் அந்தக் கணக்குக்கு மிக அருகில் வருகிறது. உலகின் தலைசிறந்த மலையோட்டக்காரர்கள்கூட அந்தச் சரிவுகளில் பெரும்பகுதியைக் கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடந்துதான் கடக்கிறார்கள். நெஞ்சின் திறனையும் காலின் திறனையும் சோதிக்க அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. ஏறும்போது நம் வேகம் நடப்பவரின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒருவருக்குப் பின்னால் நாம் நெருங்கியதும் நின்று, மூச்சு வாங்கி, "சிவாய நம" என்று சொல்லி வழி கேட்டுப் போக முடியும். யாருக்கும் ஆபத்து இல்லை.

ஜப்பானியர் ஃபுஜி மலையைத் தெய்வமாக வணங்குகிறவர்கள். அடிவாரத்தில் செங்கென் தெய்வத்தின் ஆலயம் இருக்கிறது. நூற்றாண்டுகளாக வெள்ளாடை அணிந்த யாத்திரிகர்கள் ஏறிய மலை அது. அதே மலையில் 1948ஆம் ஆண்டிலிருந்து ஒரு ஓட்டப் போட்டியும் நடந்துவருகிறது. ஃபுஜியோஷிதா நகர மன்றத்தில் தொடங்கி உச்சி வரை 21 கிலோமீட்டர், 3,000 மீட்டர் ஏற்றம். ஓட்டம் உச்சியில் முடிகிறது. இறக்கத்துக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை. அதே ஃபுஜியில், தூங்காமல் இரவோடு இரவாக ஒரே மூச்சில் உச்சிக்கு விரைகிறவர்கள் பெருகியபோது, அந்தப் பழக்கத்துக்கு ஜப்பானியர் 'தோட்டா மலையேற்றம்' என்று பெயர் வைத்தார்கள். 2024இல் யமனாஷி மாகாணம் யோஷிதா பாதையில் வாயில் அமைத்து நாளுக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்தது. ஆளுக்கு 2,000 யென் கட்டணம் வாங்கியது. மலை விடுதியில் இடம் பதிவு செய்யாதவர்களுக்கு மாலை 4 மணி முதல் அதிகாலை 3 மணி வரை வாயிலை மூடியது.

இன்னும் நெருக்கமான உதாரணம் தகாவோ மலை. தோக்கியோவின் மேற்கு ஓரத்தில், 599 மீட்டர் உயரம். மேலே யகுவோயின் என்ற பழம்பெரும் பௌத்தக் கோயில். கோயிலுக்கு நடப்பவர்களும் ஓடுபவர்களும் ஒரே பாதையில் உரசிக்கொண்டபோது, தோக்கியோ நிர்வாகம் 2015இல் தன் இயற்கைப் பூங்காக்களுக்கான விதிகளில் ஓடுபவர்களுக்கு என்றே சில வரிகள் சேர்த்தது. நடப்பவரை நெருங்கினால் நீங்களும் நடக்க வேண்டும். இதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது? மருதமலையின் 837 படிகளில் அதிகாலையில் பயிற்சி செய்யும்போது, பூக்கூடையோடு ஒரு பாட்டி எதிரே வந்தால் நாமே ஒதுங்கி நிற்பதில்லையா? அந்த மரியாதை வெள்ளியங்கிரியில் எங்கே போனது? கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒருவருக்காக நிற்கும் ஒவ்வொரு நொடியும் அங்கே நமக்கு நஷ்டமாகிவிடுகிறது.

இன்னொரு வாதமும் வரும். நம்மைப்போல் கையில் கடிகாரம் இல்லாத உள்ளூர்ப் பையன்களும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி இறங்குகிறார்களே, அவர்களை யார் கேட்பது? உண்மைதான், ஓடுகிறார்கள். ஆனால் அவர்கள் யாரைப் பார்த்து ஓடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். நல்ல ஷூவும் முதுகில் நீர்ப்பையும் நெற்றியில் டார்ச்சுமாகப் பறந்து வரும் நம்மைப் பார்த்து, ரப்பர் செருப்பில் பின்னால் ஓடி வந்த பிள்ளைகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நாம் சொல்லாமலே ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் எனக்குக் கோபமே இருக்கிறது. வளைவைச் சுற்றாமல் சரிவில் நேராகக் குதித்து இறங்குவது நமக்குப் பத்து நொடி மிச்சம். அந்தத் தடத்தில் புல் சாகிறது, மண் இளகுகிறது. பாதை மூடிய பிறகு ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இந்த மலையில் கொட்டும்போது, தண்ணீர் முதலில் கண்டுபிடிப்பது நம் குறுக்கு வழியைத்தான். அடுத்த பிப்ரவரியில் அது ஓடையாக அரித்துக் கிடக்கும். நொய்யல் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். பேரூர்ப் படித்துறையில் நின்று நொய்யல் இப்படி ஆகிவிட்டதே என்று வருந்துகிற நாம், அதன் தலைமாட்டில் மண்ணை இளக்கிவிட்டு வரலாமா? பருவம் அல்லாத எட்டு மாதங்களில் தனியாக அனுமதி வாங்கி ஓடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறீர்கள். தயவுசெய்து அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டாம். போளுவாம்பட்டி வனச்சரகத்தில் யானைகளுக்கும் வழி வேண்டும். நான்கு மாதம் நமக்குக் கிடைப்பதே பெரிது.

வனத்துறையோ அறநிலையத்துறையோ நம்மைத் தடுக்க வேண்டும் என்று நான் மனு கொடுக்கப்போவதில்லை. இதுவரை அடிவாரத்தில் நம் பைகளைச் சோதித்து, தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறார்கள். ஷூவைப் பார்த்தோ கடிகாரத்தைப் பார்த்தோ யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருந்தன்மை எத்தனை விபத்துகளைத் தாங்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு நாள் அந்த வாயிலில் "ஓடத் தடை" என்று பலகை வைத்தால், ஏறும் ஓட்டமும் சேர்ந்தே போய்விடும்.

ஆகையால் குழுக்களை நடத்தும் அண்ணன்களிடமும் அக்காமார்களிடமும் நேரடியாகக் கேட்கிறேன். செயலியில் வெள்ளியங்கிரி இறக்கத்துக்கென்று நேரத்தை ஒப்பிட நாம் உருவாக்கி வைத்திருக்கும் பாதைப் பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அவற்றை உருவாக்கியவர்கள் நம் குழுக்களில்தான் இருக்கிறார்கள். "ஏறி இறங்கிய மொத்த நேரம்" என்ற பட்டியலை எடுத்துவிட்டு ஏற்றத்தின் நேரத்தை மட்டும் வையுங்கள். சிவராத்திரி, பௌர்ணமி, சனி, ஞாயிறு நாள்களில் குழுவாகப் போகும் திட்டம் வேண்டாம். பிப்ரவரி மாத வார நாள்களில் பாதை எவ்வளவோ காலியாக இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இறக்கப் பயிற்சி தேவை என்றால், யாத்திரிகர் நடக்காத மேட்டு நிலங்களும் தோட்டத்துச் சாலைகளும் நம் பக்கத்தில் ஏராளம். டோலியைக் கண்டால் மலைப்பக்கமாக ஒட்டி நின்று, அது கடந்து போகும் வரை அசையாதீர்கள்.

நடந்து இறங்கினால் என்ன கிடைக்கும் என்பதைப் போன பருவத்தில்தான் அறிந்தேன். ஓடிய காலத்தில் என் பாதங்களுக்கு முன்னால் இருந்த மூன்றடியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றபோது, முப்பத்திரண்டாவது முறையாக வந்திருக்கும் ஒரு பெரியவரோடு பேச்சு வாய்த்தது. மனைவி இறந்த ஆண்டு மட்டும் வரவில்லை என்றார். முதல் மலைப் படிகளில் முழங்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு கல்லூரிப் பையனுக்கு, பக்கவாட்டில் கால் வைத்து இறங்குவது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். அதை நான் கற்றது யாரிடம் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

அந்த அம்மாவோடு இப்போதும் பேசுகிறேன். கை கூடிவிட்டது; குடம் தூக்க மட்டும் சிரமம் என்கிறார். இந்த ஆண்டு மறுபடி ஏற வேண்டும் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வந்தால் துணைக்கு நான் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் புதன்கிழமை அதிகாலை நான் ஏறுகிறேன். வர நினைப்பவர்கள் நான்கரை மணிக்குப் பூண்டி கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். உச்சி வரை யார் முந்துகிறார் என்று பார்ப்போம். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறங்குவதற்கு ஆளுக்கொரு மூங்கில் தடி நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
தொண்டாமுத்தூரிலிருந்து உங்கள் சக ஓட்டக்காரன்